மொறிஸ் மைனரும் மூவகை அளவையும்

தமிழாசிரியனுக்கும் மோட்டார் வண்டியின் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. அளவை நூலைக் கற்பிப்போர் எல்லாரும், மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென உணர்தல் என்னும் எடுத்துக்காட்டையே வழிவழியாகச் சொல்லி வருகின்றோம். மன்னார்த் தீவிலோ மலை இல்லை; எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டுக் கூரைமேற் புகையும் அருகிவிட்டது. தமிழோடு இந்து நாகரிகமும் கற்பிக்கும் நான், கருதலளவை எங்கே பொருந்தும், எங்கே வழுவும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர்க்கு விளக்கச் சில ஆண்டுகளாகக் கையாளுவது வேறோர் எடுத்துக்காட்டு. அது பழைய மொறிஸ் மைனர் வண்டியின் முகப்புப் பலகையிலே, ஒரு குன்றிமணி அளவிற் பதிந்திருக்கும் சிவப்பு விளக்கு.

அவ்விளக்கு எரிந்தாற் பற்றறிக்கு மின் ஏறவில்லை, அணைந்தால் ஏறுகிறது. வண்டி ஓட்டுவோரிற் பெரும்பாலார் அறிந்த சூத்திரம் இவ்வளவே. சூத்திரம் சுருக்கமானது, ஆயினும் உரையின்றிப் பொருள் கொள்ளத்தக்கதன்று. இதனை மாத்திரம் நம்பி நல்ல டைனமோவைக் கழற்றி எறிந்தவர்களையும், கெட்ட டைனமோவோடு நள்ளிரவில் நடுக்காட்டில் நின்றவர்களையும் நான் அறிவேன்.

இவ்வண்டிகள் இன்னும் நம்மிடையே ஓடுவதே ஒரு வரலாறு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. மொறிஸும் ஒஸ்ரினும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ-40 வரிசையைச் சேர்ந்த டெவன், சோமசெற், கேம்பிறிஜ் என்பனவும் இலங்கையிலே வைத்தியர், ஆசிரியர், பிரக்கிராசிமார் வீடுகளில் இடம்பிடித்தன. 1960களில் அந்நியச் செலாவணி முடையினால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி இல்லாமற் போயிற்று.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் பெரும்பகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் ஊரைத் தாங்கியவை இப்பழைய வண்டிகளே. அமுக்க விகிதம் தாழ்ந்த அவற்றின் எந்திரங்கள், சூடேறிவிட்டால் மண்ணெண்ணெயையும் எரிக்கும். காபரேற்றருக்குட் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். பின்னே கரும்புகையும் கண்ணெரிச்சலும் வந்தாலும், பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண் வைத்தியசாலை சேர்ந்துவிடுவாள். தடைப் பட்டியலில் மின்கலங்களும் இருந்தன. ஸ்ராற்றரைச் சுழற்ற வலிமையற்ற பற்றறியும் தீப்பொறி தரப் போதுமாதலின், முன்னே ஹான்டிலை மாட்டிக் கையாற் சுழற்றி வண்டியைக் கிளப்புவர். கிளம்பிய பிறகு எல்லாம் டைனமோவின் பொறுப்பு. அந்நாளில் யாழ்ப்பாணத்திலே பண்டித வகுப்பிற் பயின்ற நாங்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்துச் செய்தி கேட்போம். சுற்றுபவன் கை தளர்ந்தாற் செய்தியும் தளரும். டைனமோ என்பது யாது என எனக்கு முதலிற் கற்பித்தது அந்தச் சுற்றலே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இன் தொடக்கத்திலேதான் மீளத் திறந்தது. இடையில் ஐந்தாண்டு, தென்னோலைக் கொட்டிலிற் கிடந்த பழைய வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. ஆனால் அவற்றின் நோய் அறிந்த மெக்கானிக்குமார் அதற்கு ஏற்பப் பெருகவில்லை.

இவ்வண்டிகளின் மின்கருவிகள் பெரும்பாலும் பேர்மிங்ஹாம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் செய்கை. அதனைத் தோற்றுவித்த ஜோசப் லூக்காஸ், 19ஆம் நூற்றாண்டிலே தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தவர். பின்னர்ச் சைக்கிள் விளக்குச் செய்து, அதற்கு 'வீதியின் அரசன்' என்று பெயரிட்டார். அவர் பெயர் பொறித்த டைனமோக்கள் நூறாண்டுக்குப் பின்னர் வடஇலங்கையில் மண்ணெண்ணெய் குடித்த எந்திரங்களோடு சுழன்றதை எண்ணினால் வியப்பே. அவரை 'இருளின் இளவரசன்' எனப் பரிகசிப்பது ஆங்கிலேய மோட்டார் அன்பர்களின் வழக்கம். அறுபது ஆண்டு உப்புக்காற்றில் நின்ற கம்பியின் குற்றத்தைச் செய்தவன்மேல் ஏற்றுவது நடுவுநிலைமையாகாது என்பது என் கருத்து. 1961இல் டி.வி.எஸ். நிறுவனத்தோடு கூடிச் சென்னையில் லூக்காஸ்-டி.வி.எஸ். தோன்றியது. ஆகவே பாக்கு நீரிணையின் அக்கரை மெக்கானிக்கும் இக்கரை மெக்கானிக்கும் படித்த பாடம் பெரும்பாலும் ஒன்றே.

இனி விளக்கின் பொருளுக்கு வருவோம். அதிலிருந்து இரண்டு வழிகள் புறப்படுகின்றன. ஒன்று திறப்புச் சுவிச்சினூடாகப் பற்றறிக்குச் செல்கிறது. மற்றது டைனமோவின் 'டி' என்னும் முனைக்குச் செல்கிறது. திறப்பைத் திருப்பியதும் பற்றறிப் பக்கத்தில் 12 வோல்ற் இருக்கிறது. நின்றிருக்கும் டைனமோவில் ஒன்றும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல மின் விளக்கினூடாகப் பாய, விளக்கு எரிகிறது. எந்திரம் கிளம்பி வேகங் கூட, டைனமோவின் அழுத்தமும் ஏறுகிறது. 13 வோல்ற் அளவில் 'கட்டவுட்' எனப்படும் தானே இயங்கும் சுவிச் மூடி, டைனமோவைப் பற்றறியோடு இணைக்கிறது. இப்போது விளக்கின் இரு பக்கமும் ஒரே மட்டம். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களை அறிந்த மன்னார்ப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மட்டம் ஒத்த இரு குளங்களுக்கு இடையே வாய்க்கால் வெட்டினாலும் நீர் ஓடாது. விளக்கு அணைகிறது.

ஆகவே பற்றறி நிறைந்துள்ளதா என்பதை இவ்விளக்கு அறியாது. மின் ஏறுகிறதா என்பதையும் அது நேரே காணாது. இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வேற்றுமை ஒன்றே அது காட்டும் பொருள். (எட்டு வேற்றுமைகளைக் கண்டு நடுங்கும் மாணவருக்கு, இங்கே ஒன்றுதான் என்று நான் ஆறுதல் சொல்வதுண்டு.) எஞ்சியன எல்லாம் அந்த ஒன்றிலிருந்து நாம் கருதிக் கொள்வன.

வேற்றுமை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விளக்குக்கு ஒன்றே. கட்டவுட்டின் முனைகள் கரிந்து மூடாமற் போனதாக வைத்துக்கொள்வோம். வேகம் ஏறும்போது விளக்கு மங்கும், ஓரிடத்தில் அணையும், மேலும் வேகம் ஏற மீண்டும் எரியத் தொடங்கும். அணைந்த கணம், டைனமோ பற்றறியின் மட்டத்தை எட்டிய கணம். மீண்டும் எரிவது அதனைக் கடந்து 15, 16 வோல்ற் வரை சென்றமையால். டைனமோ நன்றாகவே உழைக்கிறது. உழைத்தது வீடு வந்து சேரவில்லை. இந்த நிலையிலே டைனமோவை மாற்றச் சொல்வார் கருதலில் வழுவியவராவர். மாற்றிய பின்னும் விளக்கு அவ்வாறே எரியும்.

எரிவதைக் காட்டிலும் எரியாமையே பொருள் கொள்ளக் கடினமானது. நம் சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையே அளவையாகக் கொண்டு, பிறர் கூறும் அபாவம் முதலியவற்றை இம்மூன்றனுள் அடக்குவன. அபாவமாவது ஒன்றின் இன்மையை அறிதல். இருட்டறையிலே குடத்தைக் காணாதவன், அங்கே குடம் இல்லை என்று சொல்லுதல் கூடாது. காணத்தக்க நிலையில் இருந்தும் காணப்படாமையே இன்மைக்குச் சான்றாகும். இவ்விளக்கும் அப்படியே. எரியவேண்டிய நேரத்தில் அது எரிந்ததை முதலிற் கண்டவனுக்கே, பின்னர் அது எரியாமை சான்று. ஆதலினாலே திறப்பைத் திருப்பிய பின், எந்திரத்தைக் கிளப்புமுன், ஒரு மூச்சு நேரம் பொறுத்து அச்சிவப்பைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். எரியாவிட்டால் 2.2 வாற்று மின்குமிழ் உயிரிழந்திருக்கலாம், கம்பி விட்டிருக்கலாம். அதனைப் பாராமற் புறப்பட்டவன், டைனமோ செத்த பின்னரும் விளக்கு அணைந்திருக்கிறது என்ற நிம்மதியோடு ஓட்டுவான். பற்றறி வற்றி முகப்பு விளக்குகள் சிவந்து சோரும்போதே செய்தி அவனை எட்டும்.

எரியாமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு, அது கொடியது. கட்டவுட்டின் முனைகள் சில வேளை ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். அப்போது எந்திரம் நின்றிருக்கையிலும் டைனமோவும் பற்றறியும் இணைந்தே இருக்கும். விளக்கின் இரு பக்கமும் ஒரே மட்டமாதலால் அது எரியாது. பற்றறியின் மின் முழுதும் நின்ற டைனமோவினூடாக ஓடும். இரவு நிறுத்திய வண்டியின் பற்றறி விடியலில் வற்றியிருப்பது இதன் ஓர் அறிகுறி. கம்பி சூடேறிப் புகை எழுதலும் உண்டு. அந்நிலையில் மலைப்புகை எடுத்துக்காட்டுத் தானே வந்து பொருந்துமாதலின், உடனே பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டுப் பிறகு அளவை பேசலாம்.

ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென முழு ஒளியோடு எரியும் விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மொறிஸ் மைனரில் டைனமோவைச் சுழற்றும் அதே பெல்ற்றே எந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ற் அறுந்தால் முதலிற் சொல்வது சிவப்பு விளக்கு. வெப்பம் ஏறுவது சிறிது பின்னர். வெள்ளாங்குளத்துக்கும் பூநகரிக்கும் இடையே மைல் கணக்கில் வீடு வாசல் இல்லாத வீதியிலே, ஓர் இரவு, எனக்குத் தெரிந்த வாடகை வண்டிக்காரர் ஒருவருக்கு இவ்விளக்கு எரிந்தது. வீடு சேரும்வரை பற்றறி தாங்கும் என்று அவர் கணக்கிட்டார். கணக்குப் பிழையன்று, பற்றறி தாங்கியது. எந்திரந்தான் தாங்கவில்லை. கொதித்து, தலைப்பகுதி வளைந்து, அவரது பிழைப்பு இரண்டு மாதம் நின்றது. அவர் வண்டியிலே மாற்றுப் பெல்ற் ஒன்று இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

எண்ணெய் அழுத்தத்தைச் சொல்லும் மற்றைய விளக்கின் இலக்கணம் எளிது. அழுத்தம் தாழ்ந்தால் ஒரு சிறு சுவிச் மூடும், விளக்கு எரியும். அதன் கம்பி அறுந்தால் அதுவும் ஊமையாகும். திறப்பைத் திருப்பும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வேறு பாடம் வேண்டா.

என் வண்டி 1958ஆம் ஆண்டுச் செய்கை. தந்தையார் பழையதாக வாங்கியது. சென்ற ஆண்டு வாடைக் காலத்தில் அதற்கு ஒரு நோய் கண்டது. இரவில் முகப்பு விளக்குகளைப் போட்டாற் சிவப்பு விளக்கு மின்மினிபோல மங்கலாக ஒளிரும். முகப்பு விளக்குகளை அணைத்தால் மறையும். பகலில் ஒன்றும் இல்லை. கராஜ் ஒன்றிலே டைனமோவை மாற்றச் சொன்னார்கள். வேறோரிடத்தில், அதனோடு றெகுலேற்றரையும் பற்றறியையும் மாற்றினால் 'கவலை இல்லை' என்றார்கள். ஓர் ஆசிரியனின் இரண்டு மாதச் சம்பளம் அந்தக் கவலையின்மையின் விலை. நான் உடன்படவில்லை. இரவெல்லாம் ஓடி வந்த மறுநாட் காலையிலும் பற்றறி சுறுசுறுப்பாக ஸ்ராற்றரைச் சுழற்றியது, இது காண்டல். மின் ஏறாத பற்றறி அவ்வாறு செய்யாதாகையால், விளக்குக் காட்டும் வேற்றுமைக்குக் காரணம் வேறொன்றாதல் வேண்டும், இது கருதல். எஞ்சியது உரை, அஃதாவது அறிந்தோர் வாக்கு. அதற்காக எழுபது வயது கடந்த ஒரு மெக்கானிக்கை நாடிச் சென்றேன். என் பழைய மாணவன் ஒருவன் அவரிடந்தான் தொழில் பயில்கிறான். சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் என்னைப் பெரிதும் வருத்தியவன்.

அவன் வண்டியைப் பார்த்ததும், "சேர், லைற் சின்னனா எரியுது. டைனமோ பலவீனம்" என்றான்.

"பொறு தம்பி. முதல் அது எப்ப எரியுதெண்டு கேள்" என்றார் முதியவர். பின்பு என்னை நோக்கி, "மாஸ்ரர், ஹெட்லைற் போட்டால் மட்டுந்தானோ, போடாமலும் எரியுதோ?" என்று கேட்டார்.

"போட்டால் மட்டுந்தான்."

"அப்ப டைனமோவிலை கை வைக்கத் தேவையில்லை. எண்டாலும் இவன் பழகட்டும்."

அவன் பழகியதை நானும் பார்த்திருந்தேன். முதலிற் பெல்ற்றை விரலால் அழுத்தினான். அரை அங்குல அளவே அமிழ்ந்தது. பற்றறியின் அமிலத்தை நீரடர்த்திமானியால் உறிஞ்சிப் பார்த்தான், 1.26க்குக் குறையவில்லை. பின்பு டைனமோவின் 'டி', 'எஃப்' என்னும் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றி, அம்முனைகள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அந்த இணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ற்மானியை மாட்டினான். எந்திரத்தைக் கிளப்பி மெல்ல மெல்ல வேகம் ஏற்றுதல் வேண்டும். ஊசி 20 வோல்ற்றைத் தொடவிடுதல் கூடாது. ஊசி அசையவே இல்லையாயின் பிரஷ்களைப் பார்க்கவேண்டும். நான்கு ஐந்து வோல்ற்றில் நின்றுவிட்டால் சுழலும் ஆமேச்சரின் சுற்று ஐயத்துக்குரியது. அரை வோல்ற்றுக்கும் ஒரு வோல்ற்றுக்கும் இடையே மட்டும் அசைந்தாற் குற்றம் காந்தச் சுற்றில் இருத்தல் கூடும்.

இந்த அரை வோல்ற் எங்கிருந்து வருகிறது என்று மாணவனைக் கேட்டேன். அவன் முதியவரைப் பார்த்தான். "இரும்பிலை கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும், மாஸ்ரர்" என்றார் அவர். நம் விஞ்ஞான நூல்கள் இதனை எச்சக் காந்தம் என்கின்றன. அழகிய சொல். இலக்கணத்திலே எச்சம் என்பது தானே முடியாது, முடிக்குஞ் சொல்லை அவாவி நிற்பது. டைனமோவின் இரும்பிலே சென்ற ஓட்டத்தில் எஞ்சிய சிறு காந்தமும் அத்தகையதே. சுழற்சி தொடங்கியதும் அது சிறிது மின்னைப் பிறப்பிக்கிறது. அம்மின் காந்தச் சுற்றிற் பாய்ந்து காந்தத்தை வலுப்படுத்துகிறது. வலுத்த காந்தம் மேலும் மின்னைப் பிறப்பிக்கிறது. 1866, 1867ஆம் ஆண்டுகளில் வெர்னர் சீமென்ஸ், சார்ள்ஸ் வீற்ஸ்ரன் முதலியோர் தனித்தனியே கண்ட உண்மை இது. நெடுங்காலம் கிடையிற் கிடந்த டைனமோ அந்த எச்சத்தை இழந்துவிடுவதுண்டு. அப்போது 'எஃப்' முனையைப் பற்றறியின் மின்முனையோடு சில கணம் தொடுத்தாற் காந்தம் மீளும். இதனை அறியாமல் எத்தனை நல்ல டைனமோக்கள் பழைய இரும்புக்கு நிறுத்து விற்கப்பட்டனவோ!

எங்கள் டைனமோவில் ஊசி தயக்கமின்றி ஏறிற்று. முதியவர் முன்னமே சொன்னது உறுதியாயிற்று.

அடுத்து, கம்பிகளைப் பழையபடி மாட்டி, எந்திரத்தை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளைப் போடுவித்தார். வோல்ற்மானியின் ஒரு முனையை 'டி'யிலும் மற்றதைத் திறப்புச் சுவிச்சுக்கு வரும் கம்பியிலும் வைக்கச் சொன்னார். ஒரே மட்டத்தில் இருக்கவேண்டிய அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3 வோல்ற் வேற்றுமை! அதுவே மின்மினியை ஒளிரச் செய்தது. பின்பு முனையை ஓரோர் இணைப்பாக நகர்த்தி வந்தார்கள். றெகுலேற்றர்ப் பெட்டியின் 'ஏ-1' என்னும் முனையருகே வந்ததும் 3 வோல்ற்றும் அங்கேயே அகப்பட்டன. "தொட்டுப் பாருங்கோ" என்றார் முதியவர். தொட்டேன்; சுட்டது. முகப்பு விளக்குகளுக்கும் திறப்புச் சுவிச்சுக்கும் செல்லும் மின் அம்முனையினூடாகவே செல்கிறது. 9 அம்பியர் ஓடும்போது, ஓர் ஓமின் மூன்றில் ஒரு பங்குத் தடையே 3 வோல்ற்றை விழுங்கப் போதும். பகலிலே ஓடும் மின் குறைவாதலால் வேற்றுமையும் குறைவு; அவ்வளவில் விளக்கின் இழை ஒளிராது. பற்றறிக்குச் செல்லும் வழி அப்பெட்டியின் வேறு முனையிலிருந்து புறப்படுவதால், அதற்கு ஏற்றம் ஒருநாளும் குறையவில்லை.

திருகாணியைக் கழற்றினான். கம்பியின் தலை பச்சை பூத்திருந்தது. செம்பிற் களிம்பு! ஆணவ மலத்துக்கு உவமையாகச் சித்தாந்திகள் கூறுவதும், நான் எத்தனையோ வகுப்புகளிற் கரும்பலகையில் எழுதியதும் அதுவே. எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, வஸலின் பூசினான். அரைமணி நேர வேலை. மாற்றிய உறுப்பு ஒன்றும் இல்லை. மீண்டும் அளந்தபோது ஊசி இருந்த இடத்திலிருந்து அசைந்ததாகவே தெரியவில்லை.

மன்னாரில் இந்நோய் வேறெங்கினும் மிகுதி. 1930இல் அமைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டு, இப்போதுள்ளது 2010இல் திறக்கப்பட்டது. அதனோடு சேர்ந்த ஏறத்தாழ 3 கிலோமீற்றர்த் தாம்போதியிலே இரு பக்கமும் ஆழங் குறைந்த உப்புநீர். வாடை அடித்தாலும் சோளகம் அடித்தாலும் உப்பீரம் வண்டியின் பொனற்றுக்குட் புகும். தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகளும் 100 மெகாவாற்று அளவு மின்னைப் பிறப்பிப்பது இதே காற்றினால். கரையிலே நிற்கும் வண்டிகளின் கம்பித் தலைகளை அரிப்பதும் இதே காற்றே. எனவே இத்தீவில் டைனமோவை ஐயுறுமுன் இணைப்புகளை ஐயுறுதல் முறை. அவற்றுள்ளும் பற்றறியை வண்டியின் உடலோடு பிணைக்கும் பட்டியை முதலில். மொறிஸ் மைனரில் அவ்வாறு உடலோடு பிணைவது நேர்முனை என்பதைப் புதிய பற்றறி மாட்டுவோர் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கால வழக்கம் அதற்கு மறுதலை.

பலர் டைனமோவைக் களைந்து ஒல்ற்றனேற்றர் பூட்டுகிறார்கள். தாழ்ந்த வேகத்திலும் அது மின் தரும். அதனை நான் குறை கூறேன். ஆயின் விளக்கின் தொழில் அங்கே மாறிவிடுகிறது என்பதை அறிந்தே பூட்டவேண்டும். டைனமோவுக்கு விளக்கு வெறுஞ் சாட்சி; அது இறந்தாலும் டைனமோ எச்சக் காந்தத்தைக் கொண்டு தன் பணியைத் தொடங்கும். ஒல்ற்றனேற்றருக்கோ விளக்கினூடாகச் செல்லும் சிறு மின்னே காந்தத்தை முதலில் எழுப்புகிறது. சாட்சியே அங்கே கருவியும் ஆகிறது. குமிழ் எரிந்து போனால் மின் ஏறாமலே போகலாம். அல்லது எந்திரத்தை மிக விரைவாக ஓட்டினாலன்றி ஏறத் தொடங்காது.

இரண்டு மாதத்துக்கு முன் என் மாணவனிடம் அத்தகைய ஒரு மொறிஸ் மைனர் வந்தது. ஒல்ற்றனேற்றர் புதிது, பற்றறி புதிது, காலையில் ஓட்டத் தொடங்கி நெடுநேரம் மின் ஏறுவதில்லை. சிவப்பு விளக்கோ முன்னையினும் அழகாக ஒளிர்கிறது. உரிமையாளர் இரண்டாவது ஒல்ற்றனேற்றரையும் விலை பேசிக்கொண்டு வந்திருந்தார். அன்று முதியவர் தொழிலிடத்துக்கு வரவில்லை. மாணவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், விளக்குத்தான் பிழை" என்றான். அழகுக்காக யாரோ அதற்குள் எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஒளிர்வதற்கு அதற்கு மிகச் சிறிது மின்னே போதும். அச்சிறிது ஒல்ற்றனேற்றரின் காந்தத்தை எழுப்பப் போதாது. எப்படிக் கண்டாய் என்று கேட்டேன். பழைய 2.2 வாற்றுக் குமிழை மாட்டிப் பார்த்தானாம். எந்திரம் கிளம்பிய மாத்திரத்தில் மின் ஏறிற்றாம். கூலி 500 ரூபா வாங்கினான். கழற்றிய குமிழை உரிமையாளர் வேண்டாம் என்று விட்டுச் செல்ல, அவன் அதை எனக்கு அனுப்பியிருக்கிறான். அடுத்த தவணை அளவை வகுப்புக்காக அது என் மேசை இலாச்சியில் இருக்கிறது.